அண்ணனுக்கு வைத்த மீசை

என் அண்ணன் நாய்க்குப் பயந்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செத்துப்போன பிறகு ஊரில் வைத்த ஃப்ளெக்ஸ் பேனர்களில் எல்லாம் அவரைச் சிங்கம், புலி, வேங்கை என்றுதான் எழுதியிருந்தார்கள். சப் இன்ஸ்பெக்டராக இருந்த அந்த மனிதர், விசாரணைக்குப் போகும் வீட்டு வாசலில் நாய் கட்டாமல் கிடந்தால் ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். உள்ளே உட்கார்ந்தபடியே ஹாரன் அடித்து, "ஏனுங்க, அந்த நாயச் சித்த புடிச்சுக் கட்டிப்போட்டு வாங்க, உங்க மேல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்திருக்குதுங்க" என்பாராம். குற்றவாளியே வந்து நாயைக் கட்டிவிட்டு, அப்புறம் ஜீப்பில் ஏறுவானாம். இதையெல்லாம் அவரே என் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்குப் பக்கம். தென்னந்தோப்பும் சோளக்காடும் வைத்திருந்த குடும்பம். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக ஒவ்வொருவராக விசைத்தறிக்கு மாறினார்கள். முதலில் மாறியவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. மெயின் ரோட்டின் மேலேயே அவருடைய தறிக்கூடம் இருக்கிறது. பங்காளிகளில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பாகப்பிரிவினை என்றாலும் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். அண்ணன் காவலர் தேர்வில் பாஸான சேதியைச் சொல்ல அப்பாவோடு போனபோதும் அவர் நாற்காலியில்தான் இருந்தார்.

"ஊட்டுக்குப் போலீசு வந்தாலே மானம் போச்சுன்னு அழுவறாங்க. நம்மூட்டுலருந்தே ஒருத்தன் போலீசாப் போறானாமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு தறி போட்டுத் தாரேன். ஒழுங்கா ஓட்டச் சொல்லு."

அண்ணன் சிரித்துக்கொண்டே, "போட்டு வெய்யுங்க பெரியப்பா. ரிட்டையர் ஆனதுக்கப்பறம் வந்து ஓட்டறேனுங்க" என்றார். பெரியப்பா அதற்கப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முகம் கொடுக்காமல் இருந்தவர் ஆளையே விலக்கி வைத்தது, அண்ணன் கல்யாணம் செய்துகொண்டபோது. சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் குடும்பத்துப் பெண். அவரும் போலீஸ், ஏதோ தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் ஒரே கயிற்றின் இந்த முனையை அவரும் அந்த முனையை இவரும் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க நின்றார்களாம். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் எங்கள் சாதி இல்லை. பெரியப்பா பங்காளிகளைக் கூட்டி, "இனிமேற்பட்டு அவன் நமக்குப் பங்காளி இல்லீங்க. நல்லதுக்கும் கூப்புட வேண்டாம், கெட்டதுக்கும் கூப்புட வேண்டாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். சென்னிமலை முருகன் சன்னிதியில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்று நின்றது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும்கூடப் பெரியப்பாவை மீறி வரவில்லை. பூசாரி, "மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை எல்லாம் முன்னால வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் முன்னால் வந்ததும், மிச்சப் பேர் படியேறி வந்துகொண்டிருக்கிறார்களாக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். என் நங்கை ஒல்லியாக, உயரமாக, அண்ணனைவிட அரை விரற்கடை கூடுதலாகவே இருப்பார். கோபம் வந்தால் சத்தம் வராது. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. நான் கட்டிக்கொண்டு போன ஊர் பெருந்துறை. என் வீட்டுக்காரருக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. லீவு கிடைக்கும்போதெல்லாம் அண்ணனும் நங்கையும் அங்கே வந்துவிடுவார்கள். அண்ணன் மீசை வைக்க மாட்டார். வைத்தால் மூக்கில் குத்தித் தும்மல் வருகிறது என்பார். "போலீசுக்கு மீசை இல்லாட்டி திருடன் பயப்படுவானாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டால், நங்கை உள்ளேயிருந்து, "அவருக்குத் திருடனே பயப்பட வேண்டாமுங்க, நாய் பயந்தாப் போதுமுங்க" என்று குரல் கொடுப்பார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு சாவுக்கும் அண்ணன் ஊருக்கு வந்து, பந்தலுக்கு வெளியே, யாரோ தெரிந்த மனிதர் துக்கம் கேட்க வந்ததுபோல நின்றுவிட்டுப் போனார். கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். அப்போது யாரும் அவரைச் சிங்கம் என்று கூப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியான வெயிலில், அவினாசி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கிளை ரோட்டில், பர்மிட் இல்லாமல் கிராவல் மண் ஏற்றி வந்த டிப்பர் லாரியை அண்ணன் கை காட்டி நிறுத்தினார். லாரி நிற்கவில்லை. அவர் நகர்ந்திருக்கலாம். கூட இருந்த காவலர் நகர்ந்தார், பிழைத்தார். அண்ணன் நடு ரோட்டில் கையைத் தூக்கியபடியே நின்றாராம். நாயைக் கண்டு ஜீப்புக்குள் இருந்தவர் டிப்பரைக் கண்டு ஏன் நகரவில்லை என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிரைவர் நிறுத்திவிடுவான் என்று நம்பியிருப்பார். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நங்கைதான் போன் செய்தார். "அம்மணி, உங்கொண்ணன வண்டி அடிச்சுப்போட்டுதுங்க." அப்புறம், "பதறாம வாங்க. பதறி ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க" என்றார்.

நாங்கள் கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வாசலில் வெள்ளை வேட்டியாக இருந்தது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் கூப்பிட வேண்டாம் என்று சொன்ன பங்காளிகள் யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். தொலைக்காட்சிக் கேமராவும் வந்திருந்தது. பெரியப்பா கேமராவுக்கு முன்னால் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "என்ற கையில வளந்த பையனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி ஒரு பெஞ்சில் நங்கை யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கேமராக்காரர்கள் அவரைக் காவலுக்கு வந்த போலீஸ் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள்.

அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. குண்டு முழங்கியது, பெரிய அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைத்தார்கள். துறை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதிகாரி ஒருவர் அண்ணனின் தொப்பியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தபோது, பெரியப்பா இரண்டு கையையும் நீட்டினார். அதிகாரி அவரைச் சுற்றிக்கொண்டு போய் நங்கையிடம் கொடுத்தார். நீட்டிய கையை அப்படியே மேலே தூக்கிக் கும்பிடு போட்டுச் சமாளித்த பெரியப்பாவின் சாமர்த்தியத்தை அந்தத் துக்கத்திலும் என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வாரமே பேனர்கள் முளைத்தன. ஒரு பேனரில் அண்ணன் படம் ஸ்டாம்ப் அளவு. கீழே கண்ணீர் அஞ்சலி செலுத்தும் பெரியப்பா ஆள் உயரம். இன்னொன்றில் எங்கள் சாதிப் பேரைப் போட்டு, அதன் வீரத்துக்கு அண்ணன் ரத்த சாட்சி என்றிருந்தது. டிப்பர் லாரி உரிமையாளர்கள் சார்பிலும் ஒரு பேனர் இருந்தது. "உங்கள் பாதையில் பயணிப்போம்" என்று எழுதியிருந்தார்கள். எழுதிய ஆள் யோசித்து எழுதினாரா, யோசிக்காமல் எழுதினாரா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அன்று வாக்குவாதமே வந்துவிட்டது.

அண்ணன் படம் பங்காளிகள் யாரிடமும் இல்லை. விலக்கி வைத்த ஆளின் படத்தை யார் வைத்திருப்பார்கள்? நங்கையிடம் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. செய்தித்தாளில் வந்த மங்கலான படத்தையே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, போலீஸ்காரருக்கு மீசை இல்லாவிட்டால் எடுப்பாக இருக்காது என்று கம்ப்யூட்டரிலேயே ஒன்றை வைத்துவிட்டார். காது வரைக்கும் போகும் மீசை. பேனரைப் பார்த்ததும் நான் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணனுக்கு மீசை கெடையாதுங்களே?"

"பேனருக்குத்தான அம்மணி, உடு. கம்பீரமா இருக்குதில்ல?" என்றார்.

மாதங்கள் போயின. நங்கை லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் தாம்பூலத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனுக்கு மார்பளவு சிலை வைக்கப்போகிறார்களாம். ரோட்டோரம் வைக்க அரசு அனுமதி கிடைக்காது என்பதால், பெரியப்பா தன் சொந்தப் பட்டா நிலத்திலேயே இடம் கொடுத்திருக்கிறாராம். அந்தச் சொந்த நிலம் தறிக்கூடத்தின் கேட்டுக்குப் பக்கத்தில், போர்டுக்கு நேர் கீழே. சிலையைப் பார்க்கிற எவரும் தறிக்கூடத்தின் பேரையும் போன் நம்பரையும் படிக்காமல் போக முடியாது.

அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலைமை பெரியப்பா. குத்துவிளக்கு ஏற்றுபவர் பெரியம்மா. நன்றியுரை பெரியப்பா மகன். சிலையைத் திறந்து வைப்பவர் பெரிய பதவியில் இருக்கும் ஒரு பிரமுகர். எந்தப் பதவி என்று சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், வேண்டாம்.

"ஏனுங்க பெரியப்பா, நங்கை பேரக் காணமுங்களே?"

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா பேசினார். "அதில்ல கண்ணு. வெளக்கேத்தி ஆரம்பிக்கற காரியம். நல்ல நேரம் பாத்துக் குறிச்சிருக்குது. அந்தப் புள்ள மேடையில வந்து நின்னா நல்லாருக்குமா? ஊருல நாலு பேரு நாலு வெதமாச் சொல்லுவாங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புருஷன் செத்ததற்காக விழா எடுக்கிறார்கள். புருஷன் செத்துவிட்டதால் பெண்டாட்டி அந்த விழாவுக்கு ஆகாதவள்.

"அப்ப அண்ணன் மட்டும் மேடையில நிக்கலாமுங்களா பெரியம்மா? அவரு செத்தே போயிட்டாரே" என்று கேட்டேன்.

"இதான் உன்ற வாய்" என்று பெரியப்பா எழுந்துகொண்டார். "வந்து சேரு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

அவர்கள் போனதும் நங்கைக்குப் போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று சுற்றி வளைத்தேன். அவரே குறுக்கிட்டார்.

"தெரியுமுங்க அம்மணி. எனக்கு அன்னைக்கு அங்கதான் பந்தோபஸ்து."

"என்னங்க நங்கை சொல்றீங்க?"

"வி.ஐ.பி. வாராருங்கல்ல? சுத்துவட்டார ஸ்டேஷன்ல இருந்தெல்லாம் லேடீஸ் போலீச எடுத்திருக்காங்க. எம்பேரும் வந்துருச்சுங்க."

"யாருக்குமே தெரியலீங்களா, நீங்க யாருன்னு? லீவு கேளுங்க!"

"லீவு போட்டுட்டு வந்தா கூட்டத்துல எங்கியோ கடைசில நிக்கோணுமுங்க. டூட்டின்னா சிலைக்குப் பக்கத்துலயே நிக்கலாம்." நிதானமாகச் சொன்னார். "சிலைகிட்டப் போடுங்கன்னு நாந்தானுங்க கேட்டு வாங்குனேன்."

விழாவன்று காலை போனோம். ரோட்டின் இரண்டு பக்கமும் வாழைமரம், தோரணம், கேரளத்திலிருந்து வந்த செண்டை மேளம். துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே மேளம்தான் போலிருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் கிரானைட் பீடம். அதன் மேல் மஞ்சள் பட்டுத் துணியால் மூடிய சிலை. அதைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே, சிலையிலிருந்து கை நீட்டும் தூரத்தில், லத்தியைப் பின்னால் பிடித்துக்கொண்டு என் நங்கை நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். தலையை அசைத்தார். நான் கயிற்றுக்கு வெளியே அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

விழாக் குழு பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடிவந்து, "மேடம், அக்கட்டால நாலு பேரு செருப்போட நிக்கறாங்க, சித்த பாருங்க. புனிதமான எடமுங்க இது" என்று நங்கையிடம் சொன்னார்.

"கழட்டச் சொல்றேனுங்க" என்று நங்கை போய்ச் சொல்லிவிட்டு வந்து, பழைய இடத்தில் நின்றார்.

பிரமுகர் வரத் தாமதமானதால் நிகழ்ச்சித் தொகுப்பாளர் நேரத்தை ஓட்டினார். உள்ளூர்ப் பட்டிமன்றங்களில் பேசுகிறவர். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களாகவே அவர் வாயில் வந்தன. "வீரத்தின் விளைநிலமே, விவேகத்தின் விளக்கே, வெற்றியின் வேரே!" எழுத்துத் தீர்ந்ததும் கதைக்கு வந்தார். அண்ணன் சிறு வயதிலேயே தோட்டத்தில் படமெடுத்து நின்ற நாகத்தை வெறுங்கையால் பிடித்துத் தூக்கி எறிந்தாராம். என் அண்ணன் வேலியில் ஓடுகிற கரட்டானை, அதுதான் ஓணானை, பார்த்தாலே என்னை முன்னால் தள்ளிவிட்டு ஓடியவர். நான் நங்கையைப் பார்த்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். அழுகை இல்லை.

பிறகு பெரியப்பா மைக்கைப் பிடித்தார். "போலீசுக்குப் போடா சிங்கம்னு என்ற தம்பி மவன அனுப்பி வெச்சதே நாந்தானுங்க. அவுங்கப்பன் வேண்டாம்னான். நாந்தான் சொன்னேன், நாட்டுக்கு ஒருத்தனக் குடுக்கோணும்டான்னு" என்றார். கைத்தட்டல். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று அவருக்கு எப்போதும் பயம்.

பிரமுகர் வந்தார். "மாவீரரின் குடும்பத்தார் மேடைக்கு வரவும்" என்று அறிவிப்பு வந்ததும் ஒரு பஸ் ஆட்கள் மேடையேறினார்கள். பெரியப்பா, பெரியம்மா, மகன், மருமகள், சித்தப்பாக்கள், அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அவரைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போன மாமன்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. "அம்மணி, வா மேல" என்று பெரியப்பா மகன் என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் வரவில்லை என்று தலையாட்டினேன்.

சிலை திறப்புக்கு ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அழுத்தினால் மோட்டார் சுற்றிக் கயிறு இழுத்துத் துணி தானாக மேலே போகுமாம். தறி மோட்டார்க்காரர் செய்து கொடுத்தது. பிரமுகர் அழுத்தினார். மோட்டார் கடகடவென்று ஓடியது. துணி கொஞ்சம் எழும்பி, சிலையின் தொப்பியில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. செண்டை மேளம் உச்சத்துக்குப் போய், ஒன்றும் நடக்காததால் தயங்கித் தயங்கி இறங்கியது. பெரியப்பா மகன் மேடையிலிருந்து இறங்கி வந்து துணியைப் பிடித்து இழுத்தார். சிலையே லேசாக ஆடியது. அது ஃபைபரில் செய்து வெண்கலப் பெயிண்ட் அடித்தது என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

பிரமுகரின் உதவியாளர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். உயரமாக, பக்கத்தில் நின்ற ஆள் நங்கைதான். "ஏம்மா, லேடி போலீஸ்! பாத்துட்டு நிக்கிறியே, வந்து அந்தத் துணிய எடுத்துவுடு!"

நங்கை லத்தியை என் கையில் கொடுத்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பீடத்தின் படியில் ஏறினார். இழுக்கவில்லை, மாட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, தொப்பியின் சின்னத்திலிருந்து நூலைப் பக்குவமாக விடுவித்து, துணியை மெதுவாக எடுத்தார். தூங்குகிறவர் முகத்திலிருந்து போர்வையை எடுப்பதுபோல எடுத்தார்.

முகம் தெரிந்தது. உருண்டைக் கன்னம், உருட்டி விழித்த கண், காதுக்குப் போய் முறுக்கி மேலே ஏறிய மீசை. சிற்பி ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். மீசையில் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்.

நங்கை சிலையின் முகத்தை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். பிறகு பிரமுகரின் பக்கம் திரும்பி, மெய்யான சந்தேகத்தோடு கேட்டார்.

"இது யாருங்க ஐயா?"

தொகுப்பாளர் மைக்கை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால், கேள்வி ரோடு முழுக்க ஒலித்தது. கேட்ட குரல் ஒலிபெருக்கியில் தனக்கே திரும்பிக் கேட்டதும் நங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பீடத்தின் மேல் நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கயிற்றுக்கு வெளியே லத்தியோடு நின்ற நானும் சிரித்தேன். அண்ணன் போனதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அந்த மீசையைப் பார்த்திருந்தால் தும்மியே செத்திருப்பார்.

அந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். "என்னம்மா பண்றீங்க? வி.ஐ.பி. முன்னாடி! எறங்குங்க!"

"மன்னிச்சுக்கோங்க சார்." நங்கை இறங்கி, சல்யூட் அடித்தார். "என்ற ஊட்டுக்காரர் சிலைன்னு சொன்னாங்க. அதான் பாத்தேனுங்க. அடையாளம் தெரியலீங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். பிரமுகர் காதிலும் அது விழுந்தது. மேடையில் பெரியப்பா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, ரோட்டில் ஏதோ முக்கியமான வாகனம் வருவதுபோல அந்தப் பக்கம் பார்த்தார். நங்கை யார் என்று ஊர் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சலசலப்பு கடைசி வரிசை வரைக்கும் போனது. செருப்பைக் கழற்றச் சொன்ன பேட்ஜ்காரர் தன் பேட்ஜை மெல்லக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் பெரிய பதவிக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. பிரமுகர் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு மைக்கை வாங்கி, தழுதழுத்த குரலில், "கணவரின் சிலையைத் தன் கையாலேயே திறந்து வைத்திருக்கிறார் இந்த வீரமங்கை! இந்த அருமையான ஏற்பாட்டைச் செய்த விழாக் குழுவை மனதாரப் பாராட்டுகிறேன்" என்றார். தொகுப்பாளர் "வா"வில் தொடங்கும் வாழ்த்துகளை அவிழ்த்துவிட்டார். செண்டை மேளம் மறுபடி கிளம்பியது. பெரியப்பா முகத்தில் வெளிச்சம் திரும்பியது. அவரே ஒரு பொன்னாடையை எடுத்துக்கொண்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நங்கைக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"போத்திக்க கண்ணு."

"டூட்டில இருக்கறேனுங்க. போத்திக்கக் கூடாதுங்க" என்றார் நங்கை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாத குரல். என்னிடமிருந்து லத்தியை வாங்கிக்கொண்டார். ஷூவைப் போட்டுக்கொண்டார். கயிற்றுக்குப் பக்கத்தில் பழைய இடத்துக்குப் போய் நின்றார். பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்ற பெரியப்பா, வேறு வழியில்லாமல் அதைச் சிலைக்குப் போர்த்தினார். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

பிரமுகர் கிளம்பியபோது கார் வரிசைக்கு வழிவிடக் கூட்டத்தை ஒதுக்கியது நங்கைதான். பந்தலில் தலைவாழை இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. நங்கை போலீஸ் வேனில் உட்கார்ந்து, துறையில் கொடுத்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதில் பாதியைச் சாப்பிட்டேன்.

மறுநாள் செய்தித்தாளில் "மனைவி கையால் திறக்கப்பட்ட மாவீரர் சிலை: கிராமமே நெகிழ்ச்சி" என்று வந்தது. படத்தில் நங்கை வாயைப் பொத்தி அழுகிறார் என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. "கடைசி நேரத்துல எனக்குத் தோணுச்சுங்க, அந்தப் புள்ள கையாலயே தெறக்கட்டும்னு" என்று பெரியப்பா போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அவரே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நங்கைக்கு மட்டும் துறையிலிருந்து ஒரு மெமோ வந்தது.

"எதுக்குங்க?" என்றேன்.

"பந்தோபஸ்துல சிரிச்சதுக்குங்க."

மேலதிகாரி கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். நங்கை நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். மீசை வரைக்கும் வந்ததும் அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, "சரி, சரி, நீங்க போங்க" என்றாராம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகு உள்ளே இருமல் சத்தம் கேட்டதாம். இருமல்தானா என்று நங்கைக்கு உறுதியில்லை. மெமோ அதோடு போயிற்று.

பெரியப்பாவுக்கும் மானம் உண்டு. சிற்பியைக் கூப்பிட்டு மீசையைச் சுரண்டச் சொன்னார். சுரண்டிய இடத்தில் பெயிண்ட் போய் ஃபைபர் வெள்ளையாகத் தெரிகிறது. அண்ணன் இப்போது மோர் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் நிற்பவர்போல இருக்கிறார். தறிக்கூடத்துக்கு வழி கேட்பவர்களுக்கு, "போலீஸ் சிலைகிட்ட வந்து போன் போடுங்க" என்று சொல்கிறார்கள். வியாபாரத்துக்கு வசதியாகிவிட்டது.

லாரி டிரைவர் மேல் வழக்கு நடக்கிறது. அவன் வெளியூர்ப் பையன். நிறுத்தினால் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிவிடுவார் என்று பயந்துதான் நிறுத்தவில்லை என்று விசாரணையில் சொன்னானாம். முதலாளி யார் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, லாரி வேறொருவர் பேரில் இருக்கிறது, அவர் வேறொருவருக்கு விட்டிருந்தார், அவர் ஊரில் இல்லை என்று பதில் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நங்கை சாதாரணச் சேலையில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருவார். முடிந்தபோதெல்லாம் நானும் போவேன். பங்காளிகள் ஒருவரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. அங்கே மேடை கிடையாது.

பணியில் இறந்த காவலர்களுக்கு அக்டோபரில் வீரவணக்க நாள் வரும். ஆயுதப்படை மைதானத்தில் நடக்கும். சென்ற வருஷம் நங்கை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. செண்டை மேளம் இல்லை, வாழைமரம் இல்லை. ஒரு ஸ்தூபி, அதற்கு முன்னால் வரிசையாகக் காவலர்கள். ஒருவர் அந்த வருஷம் நாடு முழுவதும் பணியில் செத்த காவலர்களின் பேர்களைப் படித்தார். எங்கெங்கோ இருக்கிற மாநிலங்கள், வாயில் நுழையாத பேர்கள். படித்தவர் சில பேர்களில் தடுமாறினார். நிறுத்தி, மறுபடி சரியாகப் படித்தார். என் அண்ணன் பேர் நடுவில் எங்கோ வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்த அடைமொழியும் இல்லை. பதவி, பேர், ஊர், அவ்வளவுதான். நான் எதையும் கேலி செய்யத் தோன்றாமல் நின்றேன். எனக்கு அது புதிதாக இருந்தது.

முடிந்த பிறகு, மரத்தடியில் நங்கை ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். மகளிர் காவல் நிலையத்திலிருந்து நெடுஞ்சாலை ரோந்துக்கு மாற்றல் கேட்டிருந்தாராம். போன மாதமே கிடைத்துவிட்டதாம். அண்ணன் நின்ற அந்தக் கிளை ரோடும் அதில் வருகிறது.

"டிப்பர் எல்லாம் நிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"நான் இருந்தா அந்த ரோட்டுலயே வர்றதில்லீங்க."

"பரவால்லீங்களே! பயம் வந்திருச்சு போல."

"பயமெல்லாம் இல்லீங்க அம்மணி. பக்கத்து ரோட்டுல போறாங்க." ஈரமான தொப்பியை உதறிப் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரத்துலருந்து பக்கத்து ரோட்டையும் கேட்டிருக்கறேன். பாக்கலாமுங்க. நேரமாச்சு, நான் போய் டூட்டி மாத்தோணும்."

வண்டியை ஸ்டார்ட் செய்து, மைதானத்து வாசலில் நின்ற வாகனங்களை ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தூறலில் போனார்.